கண்ணாடி மேல் குங்குமம்

எண்பதுகளின் கடைசி. பூந்தமல்லியிலிருந்து திருமழிசை போகும் பஸ். முன் சீட்டில் இருந்த ஐம்பது வயதுக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"எங்கப்பா போட்டோவுக்குப் பொட்டு வெச்சேன் மாமே, வாட்ச்மேன் கைய புட்சிட்டான்."

"எங்க?"

"டவுன்ல, பழைய மெட்ராஸ் போட்டோ கண்காட்சில. ஹார்பர்ல மூட்டை தூக்கினு நிக்கிறாரு. அறுந்த காது அப்டியே தெரியுது."

"ஊட்ல போட்டோ இல்லியா?"

"ஒண்ணுகூட கெடையாது. வருசா வருசம் அவரு வேட்டிய வெச்சிதான் படைக்கிறோம். பாக்கெட்ல மாங்காட்டுக் குங்குமம் இருந்துச்சு, கண்ணாடி மேல வெச்சிட்டேன்."

"கீழ பேரு போட்டிருந்தானா?"

"கூலிகள்னு போட்டிருந்தான்."

"அப்பறம் இன்னா ஆச்சு? பொட்ட அவன் அழிச்சிட்டானா?"

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையே அழிக்கச் சொன்னான் மாமே. அழிச்சேன்."