நான் பெருக்கிய கோடு

செங்கல் தூள் டென்னிஸ் மைதானத்தில் ஆடுகிறவனின் காலுறை ஒருநாளும் வெளுக்காது. என் மனைவி கிரசியேலா ஊறவைத்துப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்து வெயிலில் போட்டும் பார்த்தாள். அந்தச் சிவப்பு போகவில்லை. ஆட்டத்தை விட்டால்தான் போகும் என்று சொல்லிச் சிரிப்பாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

நீங்கள் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அரசு வழக்கறிஞர் மேடம். எங்கள் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் நிக்கானோர் இறுதி ஆட்டத்தன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்பது உங்கள் கேள்வி. செய்தார். காலையில் தண்ணீர் தெளித்தார், பாய் இழுத்துத் தரையைச் சமன் செய்தார், சுத்தியலோடு முழங்காலில் நகர்ந்து கோட்டு ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். நான் பார்த்தேன். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் அனீபல் ரோல்தானைச் செங்கல் தூளில் தோற்கடிக்க வேண்டுமானால் மதியச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் மறந்துவிட்டு வர வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். சந்தியாகோவிலும் போகோட்டாவிலும் கோப்பை வாங்கியிருக்கிறேன். பரானாவில் பிறந்தேன், ஆற்றங்கரையிலிருக்கும் எங்கள் கிளப்பில்தான் ஆடக் கற்றேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. தச்சனிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

லிசாந்த்ரோ எங்கள் கிளப்புக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. முதல் நாள் அவனோடு பயிற்சிக்கு இறங்கினேன். அவன் அடித்த பந்து என் மட்டையில் பட்டபோது மணிக்கட்டு பின்னால் போயிற்று. அவன் வேகமாகக்கூட அடிக்கவில்லை. சூயிங்கம் மென்றுகொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அடித்தான். அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் கீழே உட்கார்ந்திருந்தேன். களைப்பினால் அல்ல. களைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்னால் வருகிற பயம் நல்லது. அது முதல் பந்தோடு போய்விடும். இது போகவில்லை. சாப்பிடும்போது இருந்தது. வண்டி ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் இருந்தது. கிளப் வாசலில் அவன் சைக்கிளைப் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் இன்னொரு சுற்றுப் போய்விட்டு வருவேன். அவன் நல்ல பையன், மேடம். என்னை வாத்தியாரே என்று கூப்பிடுவான். அந்த மரியாதைதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. தனக்குப் பயம் தருகிறவனிடம் யாரும் அவ்வளவு அன்பாக இருக்க மாட்டார்கள். என்னைக் கண்டு அவனுக்குப் பயமே இல்லை.

கிளப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் இருவரும் வந்தோம். ஜெயிக்கிறவனுக்கு புவெனஸ் அயர்ஸ் பெரிய போட்டியில் இடம். தோற்கிறவனுக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முந்தின நாள் ஐஸ் எடுக்க கிளப் சமையலறைக்குப் போனேன். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் பெயர். கீழே நான் ஆடத் தொடங்கிய வருஷம், ஒரு சின்னக் கோடு, அதன் பிறகு இந்த வருஷம்.

நான் நிறுத்தப் போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கல்லறையில்தான் அப்படி இரண்டு வருஷங்களைப் போட்டு நடுவில் கோடு இழுப்பார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டில் கிரசியேலாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"கேக்கும் சொல்லிட்டாங்க" என்றாள். "செயலாளர் என்கிட்ட என்ன கிரீம் பிடிக்கும்னு கேட்டாரு."

"நான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சா கேக்கை நாம திங்கலாம். அனீபல், தோத்தா என்ன, செத்தா போயிடுவ?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் லிசாந்த்ரோ மாத்தே இலைத் தேநீர் போட்டு வைத்திருந்தான். தான் ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, வெந்நீர் ஊற்றிக் குவளையை என்னிடம் நீட்டினான்.

"முட்டிக்கு எண்ணெய் விட்டாச்சா வாத்தியாரே?"

"உன் வாய்க்குப் பூட்டு வாங்கினாங்களா உங்க வீட்ல?"

"வாங்கினாங்க. சாவியை முழுங்கிட்டேன்." பிறகு குரலை இறக்கினான். "எங்கம்மா வந்திருக்காங்க. உங்ககூட ஒரு போட்டோ எடுக்கணுமாம். நான் தோத்தாலும் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

முதல் செட் அவனுக்கு எளிதாகப் போயிற்று. அதன் கடைசி கேமில் ஆற்றுப் பக்கத்து முனையில், இடது மூலையில், என் ஷூ எதிலோ இடறியது. செங்கல் தூள் மைதானத்தில் கோடு என்பது சுண்ணாம்பு அல்ல, மேடம். வெள்ளைப் பட்டை. ஆணி அடித்து இறக்கியிருப்பார்கள். அன்றைய வெயிலில் தரை காய்ந்து அமுங்கிவிட்டது, ஆணி மேலே நின்றது. பட்டையின் விளிம்பு வாய் திறந்திருந்தது. இது யார் குற்றமும் இல்லை. கையைத் தூக்கினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், நிக்கானோர் சுத்தியலோடு வருவார், இரண்டு தட்டு, முடிந்தது.

நான் கையைத் தூக்கினேன். நடுவர் என்னைப் பார்த்தார். அந்தக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

அதுவரை எதுவும் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

செட் இடைவேளையில் பாய் இழுத்துக் கோட்டைப் பெருக்குவார்கள். எங்கள் கிளப்பில் ஆடும்போது கோட்டை நானே பெருக்குவது வழக்கம். ஜனங்களுக்கு அது பிடிக்கும். நிக்கானோருக்கு முதுகு சரியில்லை.

"விடு தம்பி, இன்னிக்கு ஃபைனலு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்க உக்காருங்கண்ணே. உங்க முதுகு எனக்குத் தெரியாதா?"

கை தட்டினார்கள். நான் கோட்டைத் தொடர்ந்து பெருக்கிக்கொண்டே போனேன். அந்த மூலைக்கு வந்ததும் துடைப்பத்தைத் திருப்பி, தூளை உள்ளே தள்ளி, திறந்திருந்த வாயை அடைத்தேன். மேலே ஒரு வீச்சு வீசினேன். பட்டை வெள்ளையாக, நேராக, புதிதுபோல் இருந்தது. நான் பெருக்கிய கோட்டை எங்கள் ஊரில் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

ஆனால் டென்னிஸில் இரண்டு பேரும் முனை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நானும் அந்த முனையில் நின்றாக வேண்டும். நீங்கள் அந்த ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டத் தேவையில்லை. அதில் தெரிவது உண்மைதான். இடது மூலைக்கு வந்த பந்துகளை நான் விட்டுவிட்டேன். எட்டக்கூடிய பந்துகள். அப்படி விட்டே என் சர்வீஸை இழந்தேன். பந்து அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் பின்வாங்கினேன். அந்த ஆணி எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், இருந்தும் அது நகர்ந்து என் காலடிக்கு வந்துவிடும் என்று தோன்றியது.

லிசாந்த்ரோ அதைக் கவனித்துவிட்டான். முனை மாறும்போது வலையருகே என் தோளை இடித்தான்.

"என்ன வாத்தியாரே, அந்த மூலைக்குப் போக பாஸ்போர்ட் கேக்கறாங்களா?"

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். ஆமாண்டா, ஆணி தூக்கியிருக்கு, ஜாக்கிரதை என்று. அவன் அதையும் ஒரு ஜோக்காக்கியிருப்பான்.

அவன் அந்த முனையில் நின்ற முதல் இரண்டு தடவையும் நான் அங்கே அடிக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தேன். அவன் பந்தை முன்னாலேயே எடுத்துவிட்டான், கால் அங்கே போகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவனுக்கு இன்னும் ஒரு கேம் போதும் என்ற நிலை வந்தது. அவன் ஆற்றுப் பக்கம் போய் சர்வீஸுக்கு நின்றான். நான் துண்டு எடுக்கத் திரும்பினேன். வாசலில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். கையில் நீலத் துணி போட்டு மூடிய தகடு. அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் மார்போடு பிடித்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மிகவும் அன்பாக.

ஒரு மனிதனைச் சிரித்துக்கொண்டே புதைக்க வந்தால் அவன் என்ன செய்வான்?

பந்தை உயரமாக, கனமாக, சுழற்றி அந்த மூலைக்கு அனுப்பினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறந்த பந்தை அடித்ததில்லை. அதைத் திருப்ப வேண்டுமானால் பின்னால் ஓடி, கடைசியில் நீளமாகச் சறுக்கியாக வேண்டும். லிசாந்த்ரோ அழகாகச் சறுக்குவான். சறுக்கினான். பாதம் நின்றுவிட்டது, உடம்பு போய்விட்டது.

சத்தம் சின்னதுதான். பச்சைக் குச்சியை ஒடித்ததுபோல.

நான்தான் முதலில் ஓடினேன். வலையைத் தாண்டி ஓடினேன். முட்டி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கிளப் மருத்துவர் மேல் வரிசையிலிருந்து, அசைக்காதீங்க, யாரும் தொடாதீங்க, ஸ்ட்ரெச்சர் வரட்டும் என்று கத்திக்கொண்டே இறங்கினார். எனக்குக் கேட்கவில்லை என்று கிளப் விசாரணையில் சொன்னேன். கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டேன். கால் கீழே தொங்கியது. அந்தப் புகைப்படம்தான் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பழைய சாம்பியன் வருங்காலச் சாம்பியனைச் சுமந்து செல்கிறான். ரொசாரியோவிலிருந்து ஒரு பெண்மணி அதைச் சட்டம் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார்.

பக்கத்திலேயே ஒரு கதவு இருந்தது. நான் ஜனங்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அழுதார்கள்கூட. லிசாந்த்ரோவின் வாய் என் காதருகில் இருந்தது.

"இறக்கி விடுங்க வாத்தியாரே. காலு ஆடுது. உள்ள ஏதோ கிழியுது. இறக்கி விடுங்க."

"அவ்ளோதாண்டா, வந்துட்டோம்" என்றேன்.

மருத்துவர் எங்களை எட்டிப் பிடிப்பதற்குள் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். முட்டி அப்படி விலகியிருக்கும்போது பின்னால் ஓடுகிற பெரிய ரத்தக் குழாய் அறுந்துவிடக்கூடும். அதனால் அசைக்கவே கூடாது. எனக்கு இது தெரியும். என் முட்டிக்கு அறுவை செய்த காலத்தில் பிசியோ சொல்லிக்கொடுத்தது, ஒரு கால்பந்தாட்டக்காரனின் கதையோடு. மூன்றாம் நாள் லிசாந்த்ரோவின் காலைத் தொடையோடு எடுத்தார்கள்.

ஆணி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் விளையாடியவர் இல்லை. கிழிந்த முட்டி இருபது வயசில் ஒரு வருஷத்தில் சேர்ந்துவிடும், முன்னைவிடப் பலமாக. அந்த ஒரு வருஷமும் நான் என்ன செய்வது? அவன் ஊன்றுகோலை விட்டுவிட்டானாம், ஓட ஆரம்பித்துவிட்டானாம், மட்டையைத் தொட்டுவிட்டானாம் என்று ஒவ்வொன்றாகக் காதில் விழும். எனக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை. அவனைத் தூக்கிய கணத்தில் இதெல்லாம் மிகத் தெளிவாக இருந்தது. அதனால்தான் மெதுவாக நடந்தேன். அதனால்தான் கொஞ்சம் ஆட்டி ஆட்டி நடந்தேன்.

நிக்கானோரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ரொட்டிக் கடையில் அவருக்கு யாரும் முகம் கொடுப்பதில்லை என்று கிரசியேலா சொன்னாள். நான் அவர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லா ஆணியும் அடிச்சேன் தம்பி, சத்தியமா அடிச்சேன்" என்று அழுதார். எனக்குத் தெரியும் அண்ணே என்றேன். அது பொய்யில்லை.

அவர் மேல் போட்ட வழக்கை நீங்கள் எடுத்துவிடலாம். ஆணியை மூடியது நான். பந்தை அங்கே அனுப்பியது நான். காலை அறுத்ததும் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வழக்குக்குத் தேதி குறிக்கும்போது ஏப்ரலை விட்டுவிடுங்கள். எங்கள் கிளப் போட்டி அப்போதுதான். லிசாந்த்ரோ பார்க்க வருகிறானாம். சக்கர நாற்காலி நுழையும்படி முன்வரிசையில் இடம் ஒதுக்க நானே சொல்லிவைத்திருக்கிறேன். தகட்டையும் கேக்கையும் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. கிரசியேலா மட்டும் இன்னும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எப்போது நிறுத்தப் போகிறாய் என்று கேட்கிறாள். இந்த மாகாணத்தில் என்னை நேர்மையாக ஆடித் தோற்கடிக்க இப்போது ஒருவனும் இல்லை, மேடம். அப்படியிருக்க நான் எதற்கு நிறுத்த வேண்டும்?