நடுவுல கதவத் தொறக்கக் கூடாது

தண்ணி பேடா சார், வேணாம், எழுதிக்குங்க. பேரு க்ளென். கதவுல நின்னது நான்தான். அல்சூர்ல அந்தக் கச்சேரி ஹால்ல பதினாறு வருஷமா கதவு என் பொறுப்பு. அந்த ஆள வெட்டுறப்ப கதவத் தட்டுன சத்தம் கேட்டுச்சான்னுதானே கேக்குறீங்க? சொல்றேன். அதுக்கு மொதல்ல கதவப் பத்தித் தெரியணும்.

வாசிக்க ஆரம்பிச்சா தாழ்ப்பாள் போட்டுருவேன். மந்திரியே வந்தாலும் வெளியதான். வெள்ளக்காரங்க மியூசிக்ல ஒரு பீஸ்னா மூணு நாலு பாகம் இருக்கும். ஒண்ணு முடிஞ்சு அடுத்தது எடுக்குறதுக்குள்ள லேட்டா வந்தவங்கள உள்ள விடணும். அந்த கேப் எப்ப வரும்னு மத்த வாட்ச்மேனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாக், மோட்சார்ட், பீத்தோவன், யாரோடதா இருந்தாலும் சரி.

அடி வாங்கிக் கத்துக்கிட்டது சார். எங்கப்பா ஒரு கிளப்புல பேரர், வீடு ஆஸ்டின் டவுன். பதினோரு வயசுல, கிளப்புல குப்பைக்குப் போட்ட மியூசிக் ரெகார்டு ஒண்ண பனியனுக்குள்ள வெச்சு எடுத்தாந்தேன். திருட்டு நாயேன்னு பெல்ட்டக் கழட்டி வெளுத்தாரு. ரெகார்ட முட்டில வெச்சு ஒடச்சு, அந்தத் துண்டாலயே கிழிச்சாரு. இங்க பாருங்க, காதுக்குக் கீழ. ரத்தம் ஊத்துது, நான் ரெகார்டுக்கு அழுவுறேன்.

அப்புறம் நான் அடிக்க ஆரம்பிச்சேன். அடுகோடி ஒர்க்‌ஷாப்ல மோட்சார்ட் ஓடுறப்ப ரேடியோவ வேற ஸ்டேஷனுக்குத் திருப்புன ஃபிட்டர, ஸ்பேனராலயே மண்டைய ஒடச்சேன். வேல போச்சு. ஹால்ல ஒருத்தன் செல்போன் நடுவுல கத்துச்சு, வராண்டாக்கு இழுத்துட்டுப் போயி வாயில குத்துனேன். ரெண்டு பல்லு. வீட்டுலயும் அப்படித்தான். என் பையனுக்கு அப்ப ஏழு வயசு. பீத்தோவன் ஓடுறப்ப தட்டுல ஸ்பூனால தட்டிக்கிட்டே இருந்தான். கையப் புடிச்சு முறுக்குனேன், மணிக்கட்டு ஒடஞ்சுபோச்சு. அதுக்கு இன்னிக்கும் வெக்கப்படுறேன் சார்.

இன்னிக்கா? ஞாயித்துக்கெழம, காலைல பதினோரு மணி ப்ரோக்ராம். பீத்தோவன்தான். மூணாவது பாகம் ஓடுறப்ப தட்டுனாங்க. அந்த பீஸ்ல மூணாவதும் நாலாவதும் ஒட்டியிருக்கும், நடுவுல கேப்பே கெடையாது. தாழ்ப்பாள் மேல கைய வெச்சு அழுத்திக்கிட்டேன். மறுபடி தட்டுனாங்க. அதுக்குள்ள நாலாவது ஆரம்பிச்சிருச்சு, ட்ரம்பெட்டு ட்ரம்முன்னு எல்லாம் ஒண்ணா எடுக்குற எடம். வெளிய கத்துனது காதுல விழல. உள்ள எல்லாரும் கை தட்டி முடிச்சப்புறம் தொறந்தேன். கதவுல சாஞ்சிருந்தவன் அப்படியே என் கால் மேல விழுந்தான்.

சிக்னல்ல வண்டி ஒரசுனதுக்காம் சார். மூணு பேரு நீட்டுக் கத்தியோட தொரத்திட்டு வந்தாங்கன்னு ஹால் வாசல்ல இருக்குற பூக்காரம்மா சொல்லுச்சு. செல்போன் இல்ல, பர்ஸ் இல்ல, மூஞ்சி பூரா வெட்டு, யாருன்னே தெரியலன்னு சொன்னீங்கல்ல?

அந்தத் தட்டுற சத்தம் எனக்குத் தெரியும் சார். மூணு சின்னது, ஒண்ணு பெருசு. கை ஒடஞ்சதுலேருந்து அவன் வீட்டுல பெல் அடிக்கிறதில்ல, இதே பீத்தோவன் பீஸ் ஆரம்பிக்கிற மாதிரிதான் கதவத் தட்டுவான், என்னக் கடுப்பேத்த. இன்னிக்கும் நக்கல் பண்ண இங்கயே வந்துட்டான்னு நெனச்சேன். முடியட்டும், பல்லப் பேக்குறேன்னுதான் தாழ்ப்பாள இறுக்கிப் புடிச்சேன். உள்ள நிக்கிறது நான்னு தெரிஞ்சு, வெளிய நிக்கிறது அவன்னு எனக்குத் தெரியட்டும்னு தட்டியிருக்கான் சார்.

எழுதிக்குங்க. பேரு ஜாய்சன், வயசு இருபத்தி நாலு. அப்பா பேரு க்ளென். ஆமா சார், மேல எழுதியிருக்கீங்களே, அதே க்ளென்தான்.