தீப்பொறியில் போன பாதி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தீவுச் சபைத் தலைவர் அவர்களே! அவரவர் குடிக்குரிய பாயில் அமர்ந்து, என் சொல்லை எடைபோட வந்திருக்கும் முதியோரே! பபாய்க் கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது வேகும் முன் ஓடிவந்த தாய்மாரே! வலையை உதறிவிட்டு வந்த தோழர்களே! அனைவருக்கும் மௌரி, வணக்கம்!

நான் மீரே. தண்ணீர் இறைக்கும் நிலையத்தின் மெக்கானிக். புதிய நிலையத்தை யார் பொறுப்பில் விடுவது என்று பேசக் கூடியிருக்கிறீர்கள். பேசுங்கள். ஆனால் போன மாதம் நான் செய்த தவற்றை என் வாயால் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மழை மறந்த ஐந்தாம் மாதம் அது. தொட்டி வற்றியது, தொண்டை வறண்டது. நம் இறைப்பு எஞ்சினோ வாய் திறக்கவில்லை. பரனிக்கோ என்ற என் உதவியாளர் ஸ்டார்ட்டரை அழுத்தி அழுத்தி, எஞ்சினைக் கிளப்பும் மின்தேக்கிப் பெட்டியை வெறும் பெட்டியாக்கிவிட்டார். அதை நிரப்பும் சூரியத்தகட்டுச் சார்ஜரும் உப்பரித்துச் செத்திருந்தது. ஆனால் மருத்துவப் படகில் அதே அளவுப் பெட்டி ஒன்று முழுதாக நிறைந்திருந்தது: பதினாறு வோல்ட்!

அந்தப் பெட்டியையே எஞ்சினில் மாட்டியிருந்தால் எஞ்சின் உறுமியிருக்கும். ஓடும் எஞ்சினே பெட்டியை மறுபடி நிரப்பியிருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. படகுக்கும் கொஞ்சம் இருக்கட்டும், பங்கு போடுவோம் என்று நினைத்தேன்.

"பரனிக்கோ, இருக்கறதுலயே தடிச்ச ஒயரா எடுத்துட்டு வா. மெல்லிசா இருந்தா சூடாகியே வீணாப்போயிடும்."

"அக்கா, நிறைஞ்சதையும் காலியையும் நேரா இணைக்கலாமா?"

"இணைச்சா என்னடா, கடிச்சிடுமா?"

கடித்தது! பளீரென்று ஒரு பொறி. கம்பி முனை உருகியது. என் புருவம் கருகியது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். இதில் எட்டு, அதில் எட்டு.

"எட்டும் எட்டும் பதினாறு. ஒண்ணும் குறையலைடா!" என்றேன். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான்.

குறையவில்லையா? மின்னூட்டம் குறையவில்லை, உண்மை. ஆனால் ஆற்றல்? மின்னழுத்தம் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது! இந்தப் பெட்டியில் கால், அந்தப் பெட்டியில் கால். மீதி அரை எங்கே?

அங்கே ஒருவர், "நீ குடிச்சிட்டியா மீரே?" என்கிறார். ஐயா, நான் குடிக்கவில்லை! கம்பி குடித்தது, பொறி குடித்தது, வெப்பமாக வெளியே போனது! தடித்த கம்பி அதைத் தடுத்ததா? இல்லை. மெல்லிய கம்பி மெல்லச் சுட்டிருக்கும். தடித்த கம்பி சட்டென்று சுட்டது. இழப்பு இரண்டிலும் அதே அரைதான். இழப்பை முடிவு செய்தது கம்பியல்ல. நிறைவுக்கும் வெறுமைக்கும் நடுவே கிடந்த வேறுபாடு!

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது படிக்க ஏது நேரம்? செவிலி ரினே வெயிலில் ஓடிவந்தாள்.

"மீரே, படகை எடு! அரேதாக்கேவுக்கு வலி வந்துடுச்சு, குழந்தை குறுக்கே கெடக்கு. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

"படகு கிளம்பாது ரினே."

"ஏன்?"

"நான்தான் காலி பண்ணிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடலைத் திரும்பிப் பார்த்தாள். படகில் பாய் விரிக்கலாம் என்றால் காற்றே இல்லை. இரண்டு பெட்டிகளையும் பார்த்தேன். பக்கம் பக்கமாக இணைத்தால் எட்டு. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால்?

"பரனிக்கோ! ரெண்டையும் படகுக்குத் தூக்கு! இதோட நேர்முனையை அதோட எதிர்முனையில போடு!"

மீட்டர் பதினாறு காட்டியது! ஆனால் உள்ளே இருந்ததோ பழைய ஆற்றலில் பாதி.

"ஒரே ஒரு தடவைதான் அக்கா. அழுத்துங்க."

அழுத்தினேன். எஞ்சின் இருமியது. இருமியது. நின்றுவிடுமோ என்றிருந்தபோது உறுமியது! மாலைக்குள் தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள்!

கை தட்டாதீர்கள், பொறுங்கள். படகு திரும்பியபின் அதே இரண்டு பெட்டிகளும் இறைப்பு எஞ்சினையும் கிளப்பின, சரி. ஆனால் அந்தப் பாதி ஆற்றலில் படகின் எஞ்சின் கிளம்பாமல் போயிருந்தால்? இன்று இந்தக் கூரையின் கீழ் அழுகையல்லவா கேட்டிருக்கும்?

"ஒயர் மோசம்னு சொல்லிடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்கள் என் நலம் விரும்பிகள். சொல்ல மாட்டேன்! கம்பியின் மேல் பழி போட்டால், அடுத்த மெக்கானிக் இன்னும் தடித்த கம்பியைத் தேடுவார். அடுத்த பொறி இன்னும் பெரிதாகப் பறக்கும்!

இனி இந்தத் தீவில் அளக்காமல் எவரும் இணைக்க மாட்டார். நிறைந்ததையும் வெறுமையானதையும் நேருக்கு நேர் எவரும் கோக்க மாட்டார். நடுவில் சார்ஜர் இருக்கும். மட்டம் சமமான பிறகே பெட்டிகள் கைகோக்கும். படகின் பெட்டி படகைவிட்டு இறங்காது. இந்த ஐந்தையும் நிலையத்துச் சுவரில் என் கையால் எழுதிவிட்டேன். அடியில் என் பெயரையும், தவறு செய்த தேதியையும் எழுதியிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்க நான் எழவில்லை. பொறுப்பு கேட்க எழுந்திருக்கிறேன். தவறு எங்கே நேரும் என்று சுட்டுத் தெரிந்துகொண்ட கை இது. இந்தக் கையில் கொடுங்கள்! 'பெண்ணிடமா?' என்று முணுமுணுப்பவர் இருந்தால், எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும்.

யாரும் எழவில்லை. நல்லது.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு என் நன்றி. உடலில் நலமும், ஊரில் அமைதியும், குழாயில் தண்ணீரும் குறையாதிருக்கட்டும்! விடைபெறுகிறேன்.