பூனைக்குப் பின்னாடி ஒரு கட்டளை

இல்ல யோர்டாங்கா அக்கா, வெடிக்காது. கறுப்பா ஒரு ஜன்னல் தொறக்கும், அவ்வளவுதான். எல்லாரும் அதப் பாத்துத்தான் மிரள்றீங்க. துறைமுகத்துல ராத்திரி ஷிப்ட்டு முழுக்க நான் அந்தக் கறுப்பத்தான் மொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தானியக் கிடங்கு மிஷினுங்க ஒண்ணுகூட என்னக் கடிச்சதில்ல. யாரும் சொல்லிக் குடுக்கல, தூக்கம் வராம நானா கத்துக்கிட்டது.

மொதல்ல கையத் தொடச்சுக்குங்க. பனித்சா பிரமாதம், சீஸ் தாராளமாப் போட்டிருக்கீங்க. ஆனா மவுஸ் வழுக்குது பாருங்க.

இதான் ஐகான். படமா? எந்தப் படம் வேணாலும் வெக்கலாம். பூனையா? சரி. உங்க பிசானாவேதான் வேணுமா? போட்டோ அனுப்புங்க... ம், ஆச்சு. இப்ப அது மூஞ்சியில ரெண்டு தட்டு. தடவிக் குடுக்காதீங்கக்கா, தட்டுங்க. டக்டக்னு.

வந்துச்சா? இப்ப நீங்க வேற ஊர்ல இருக்குற ஒரு கம்ப்யூட்டருக்குள்ள நிக்கிறீங்க. சேச்சே, திருட்டெல்லாம் இல்ல, நாங்க வாடகைக்கு எடுத்ததுதான். நான்னா நீளமா ஒரு கட்டளைய அடிச்சுதான் உள்ள போவேன். உங்களுக்காக அதப் பூனைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன். பாஸ்வேர்டுகூடக் கேக்காது.

மேல ஒரு வரி தெரியுதா? இதுக்கு முன்னாடி கடைசியா யார் எப்ப வந்தாங்க, எங்கேர்ந்து வந்தாங்கன்னு அது சொல்லும். நான் சோபியா ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற வரைக்கும் தினம் ஒரு தடவ இதத் தொறந்து, அந்த வரிய எனக்குப் போன்ல படிங்க. அப்புறம் மூடிட்டு, செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போயிடுங்க. ரெண்டாவது தடவ மட்டும் தொறக்காதீங்க. தொறந்தா உங்க வரிதான் வரும், அவன் வரி மறைஞ்சுடும்.

அவன்னா லூபென். என் தம்பி. ஆமா, வார்னாவுல இருக்கானே, அவனேதான். பேச்சுவார்த்த இல்ல. அப்பா ராக்கியா சாராயம் காய்ச்சுற செப்பு அண்டா யாருக்குன்னு சண்ட. எனக்குத்தான் கெடச்சுது. பால்கனியில பெயிண்ட் டப்பாவெல்லாம் போட்டு வெச்சிருக்கேனே, அதுதான். சிரிக்காதீங்க, நான் குடிக்கிறதில்லன்னு எனக்கும் தெரியும்.

அதுக்கு முன்னாடி செஸ் கிளப்புக்குன்னு ரெண்டு பேருமாச் சேந்து அந்தக் கம்ப்யூட்டர எடுத்தோம். கிளப்பு மூடியாச்சு. கம்ப்யூட்டர மட்டும் ரெண்டு பேருமே விடல. உள்ள போறதும் ஒரே பேர்லதான். நான் போனா அவன் வந்துட்டுப் போன வரி இருக்கும், அவன் போனா என்னோடது. எங்க நலம் விசாரிப்பே இதுதான். ஒரு நாள் அவன் வரியக் காணலன்னா எனக்கு ரொட்டி தொண்டையில எறங்காது. அவனுக்கும் அப்படித்தான் இருக்கும். அதுக்குத்தான் நீங்க தட்டணும்.

ஆஸ்பத்திரியிலேர்ந்து நானே போகலாம்தான். ஆனா எங்கேர்ந்துன்னும் காட்டுதே. வீட்டுக்கு வீடு இன்டர்நெட்டுக்குன்னு ஒரு நம்பர் உண்டு, இந்த வீட்டு நம்பர் அவனுக்கு மனப்பாடம். புது நம்பரப் பாத்தா தோண்டித் துருவிக் கண்டுபிடிச்சுடுவான்.

சொல்லிட்டா என்னவா? சொன்னா அன்னிக்கே ரயில் ஏறிடுவான்க்கா. அண்ணன் நெஞ்சத் தொறக்கப் போறாங்கன்னா ஏறாம இருப்பானா? அவன் ஏறக்கூடாது.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் நான் போன எடுக்கமாட்டேன். அப்பவும் தட்டுங்க. அதுக்கப்புறமும் எடுக்கலன்னாலும் தட்டுங்க. எதுவரைக்குமா? அத அப்பப் பாத்துக்கலாம். மூஞ்ச அப்படி வெச்சுக்காதீங்க, டீ ஆறுது.

ஏன் ஏறக்கூடாதா? அவனுக்கும் ஒடம்பு சரியில்லன்னு நெனைக்கிறேன். யாரும் சொல்லல. முன்னெல்லாம் அவன் நேரங்கெட்ட நேரத்துல வருவான், என்ன மாதிரியே கோட்டான். இந்த வசந்தத்துலேர்ந்து தினம் மத்தியானம், சாப்பாடு முடியுற நேரமாப் பாத்து வர்றான். நம்பர் அவன் வீட்டு நம்பர்தான். ஞாயித்துக்கிழம மட்டும் கொஞ்சம் தாமதமாகும், சர்ச் விட்டு வர்ற நேரம். லூபென் சர்ச்சுக்குள்ள போனது அவன் ஞானஸ்நானத்துக்குத்தான், அதுவும் தூக்கிட்டுப் போனோம்.

அங்கயும் யாரோ ஒரு அக்கா இருக்காங்க போல. ஒரு நாள்கூட விடாமத் தட்டுறாங்க, பாவம்.