சிவப்புத் துணி கட்டுகிறவன்

என் பெயர் கிஷாந்தன். வயது இருபத்தாறு. லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இந்த 2006இல் தோஹாவில் கட்டட வேலை செய்கிறேன். போன் எடுக்கும்போதெல்லாம் அம்மா ஒன்றைத்தான் கேட்பாள்: "வேலை புடிச்சிருக்காப்பா?" கார்டு முடிவதற்குள் ஆமாம் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதில் இது.

ஒரு வேலை பிடிப்பதும் பிடிக்காததும் மேலே நிற்கிற ஆளைப் பொறுத்தது. தோட்டத்தில் முதல் மூன்று வருடம் கணபதி கங்காணிக்குக் கீழே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன். அவருக்கு என் பெயர் "ஏய்". மூன்று வருடமும் எனக்குக் காலையில் வயிற்றுவலி. பிறகு மலை வேலை முழுவதற்கும் பொறுப்பான கண்டாக்கையாவாக மயில்வாகனம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வந்த மூன்றாம் நாள், நான் வெட்டிய செடியைக் குனிந்து பார்த்து, "கிஷாந்தன், நல்ல வடிவா வெட்டியிருக்கிறாய்" என்றார்.

என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது! அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லயத்து வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பம்மா அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னடா, மூஞ்சி பெட்ரோமாக்ஸ் கணக்கா எரியுது? பொண்ணு கிண்ணு பார்த்தாச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அட கூறுகெட்டவனே, செடியத்தானேடா வடிவுன்னாரு, ஒன்னையா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் 'வடிவு'.

கொஞ்ச நாளில் ஐயா எனக்குக் குளவி பார்க்கிற வேலையைக் கொடுத்தார். பெண்கள் கொழுந்து பறிக்க இறங்குமுன் மலையைச் சுற்றி வந்து, கூடு இருக்கிற மரத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி கட்டிய பக்கம் யாரும் போக மாட்டார்கள். "உன்னை நம்பித்தான்ரா அறுபது பேர் மலைக்கு இறங்குகினம்" என்றார் ஐயா. நான் விசிலடித்துக்கொண்டே போவேன். குளவிக்கு விசில் பிடிக்காது என்று கருப்பம்மா அக்கா ஏசுவாள்.

2003 ஓகஸ்டில் ஐயாவுக்கு ஹல்துமுல்லைக்கு மாற்றம் வந்தது. ஆட்களிடம் இளக்கமாக இருக்கிறாராம். மறுபடியும் எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. அப்போதுதான் கொழுந்து பறிக்கிற இராக்கம்மாவின் ஞாபகம் வந்தது. முந்தைய வருடம் அவள் வழுக்கி விழுந்து காலை ஒடித்தபோது, ஐயாதான் தூக்கிக்கொண்டு ஓடினார். வேலை கெட்டதென்று தோட்டத்துத் துரை அவரை ஏச, மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. துரை இறங்கி வந்தார். அப்படி இன்னொரு நாள் வந்தால் ஐயாவை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

பதற்றப்படாமல் செய்தேன். ஏழாம் நம்பர் மலையில், பெரிய கூடு இருந்த மரத்தில் நானே கட்டிய துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்தேன். இரண்டு மூன்று பேருக்குக் கொட்டும், ஐயா ஓடி வருவார். நினைத்தது அவ்வளவுதான்.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே கருப்பம்மா அக்கா கேட்டாள்: "ஏ வடிவு, குளவி பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுக்கா."

அது பொய்யில்லை. பார்த்திருந்தேன்.

பதினொரு பேருக்குக் கொட்டியது. நான் நினைத்தபடியே ஐயா ஓடி வந்தார். தன் கோட்டைக் கழற்றி அக்காவைப் போர்த்தித் தூக்கினார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பசறை வருமுன்னே, லொறியிலேயே அக்கா போய்விட்டாள். நான் அவள் கால்மாட்டில் இருந்தேன். ஐயாவின் முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. அந்த நிலையிலும் என் தோளைப் பிடித்து, "உன்னில பிழையில்லையடா தம்பி" என்றார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கை தோளில் இருந்தவரை என் நெஞ்சு துள்ளிக்கொண்டே இருந்தது.

விசாரணையில் துரை, மரத்தில் ஏன் துணி இல்லை என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் ஐயா எழுந்தார். "அண்டைக்கு அவனை வேற வேலைக்கு அனுப்பினது நான். பிழை என்ர." பெரியவர் பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை. ஐயாவின் வேலை போனது. ஹல்துமுல்லைக்கும் அவர் போகவில்லை. மாற்றத்தை நிறுத்தியாயிற்று.

அம்மா, இங்கே எங்கள் போர்மேன் ஸமீம் நானா. வெலிமடைக்காரர், தங்கமான மனிதர். போன கிழமை எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். ஆட்டம் காண்கிற சாரக்கட்டைப் பார்த்துச் சிவப்பு ரிப்பன் கட்டுகிற வேலையையும் என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். எனக்கு மறுபடியும் விசில் வருகிறது. வேலை மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் வருகிற சனிக்கிழமை அவரை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்களாம். இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், ஸமீம் நானாவை மாற்ற வேண்டாம் என்று கம்பனிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னே கிடைத்தால் நல்லது.