முன்னால் போகிற அனந்தகிருஷ்ணன்

காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அனந்தகிருஷ்ணன் சார். என் வீட்டுக்காரருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்த வீட்டில் சர்க்கரை இல்லாத காபிதான். எனக்குக் கை அளவே மறந்துபோய்விட்டது.

பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தீர்கள், காரியத்துக்கு வர முடியவில்லை என்று சொன்னீர்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மயூர் விஹாரில் இருக்கிற தமிழ்க்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், "எல்லாம் விதி" என்றார்கள், செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். நீங்கள் ஒருவர்தான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "தினம் சைக்கிள் மிதிச்சு உடம்பு ஜம்முனு ஆயிடுத்துன்னு சொன்னாளே, எப்படிம்மா திடீர்னு?" என்று கேட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? அதுவும் உங்களுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஜன்னலோரம் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேனே, அதுதான் சைக்கிள். பேர்தான் சைக்கிள், இருந்த இடத்தை விட்டு நகராது. பின்னால் ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். மிதித்தால் திரையில் ஒரு மலைப்பாதை ஓடும். சுவிட்சர்லாந்தாம். பைன் மரமும் பசு மாடுமாக இருக்கும். அமெரிக்காவில் இருக்கிற என் பிள்ளை ஷங்கர், யாரோ சிநேகிதன் மூலமாகக் கொடுத்தனுப்பினான்.

டாக்டர் என்னவோ நடக்கத்தான் சொன்னார். கீழே இறங்கினால் பார்க் இருக்கிறது. ஆனால் பார்க்கில் நீங்கள் இருந்தீர்கள். தினம் காலையில் குரங்குக்குல்லாயும் வெள்ளை ஷூவுமாக நீங்கள் நடப்பதும், "டைரக்டர் சாப், டைரக்டர் சாப்" என்று நாலு பேர் பின்னாலேயே வருவதும் எங்கள் பால்கனியிலிருந்து நன்றாகத் தெரியும். ரிட்டையர் ஆகிப் பென்ஷன் வாங்குகிறவரை இன்னமும் டைரக்டர் சாப் என்று கூப்பிடுவதற்கு டில்லியில்தான் ஆள் கிடைக்கும். எங்கள் வீட்டுக்காரர் அண்டர் செக்ரட்டரியாகவே ரிட்டையர் ஆனவர். உங்களைவிட சர்வீஸில் மூத்தவர். அவரைத் தாண்டித்தானே உங்களுக்கு ப்ரமோஷன் கொடுத்தார்கள்? லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து நீங்கள் பெரிய குவார்ட்டர்ஸுக்குச் சாமான் ஏற்றிய அன்று, அவர் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக்கூட வர மாட்டார். அங்கே நீங்கள் முருங்கைக்காய் வாங்க வருவீர்களாம். அத்தனை வருஷமும் நான்தான் பை தூக்கினேன்.

ஆகவே நடக்க மாட்டேன் என்றார். சைக்கிள் வந்தது.

முதல் வாரம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையை பாண்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு, ஷூ மாட்டி, ஆபீஸ் திறக்கிற நேரத்துக்குச் சரியாக ஏறி உட்காருவார். மாரில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், அது நாடித்துடிப்பைக் காட்டும். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டினால் மெஷின் கிணிகிணி என்று மணி அடிக்கும். அவர் அதுவரைக்கும் போகவே இல்லை. ஒரு பாட்டு முடிகிற நேரம் மிதித்துவிட்டு, "மாடு பாக்கறதுக்கு நான் எதுக்கு சுவிட்சர்லாந்து போகணும்? பக்கத்துல த்ரிலோக்புரி போனா போறாதா?" என்று கரித்துக்கொட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

ஷங்கரைப் போனில் கேட்டேன். "அம்மா, கூட ஒருத்தன் ஓட்டற மாதிரி செட் பண்ணலாம். பேர் வைக்கலாம், வேகமும் நீயே வைக்கலாம். போட்டி இருந்தா அப்பா மிதிப்பார்," என்றான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பொம்மை வந்தது. தலைக்கு மேலே பேர் எழுத ஒரு கட்டம். என்ன பேர் வைப்பது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. உங்கள் பேரை அடித்தேன்.

மறுநாள் ஏறி உட்கார்ந்தவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"யார்டீ இது?"

"மெஷின் தானா குடுக்கற பேர்னா. நம்மூர்ப் பேரெல்லாமும் இருக்கும் போல," என்றேன்.

மத்திய சர்க்காரில் ஆயுளைக் கழித்தவரிடம் எழுத்தில் ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், அப்புறம் அது வேதம். பொம்மை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பேர் போட்டிருக்கிறதே. அன்றைக்கு அவர் சட்டை நனைய மிதித்தார். நீங்கள் முன்னால் போய்க்கொண்டே இருந்தீர்கள்.

இதில் என்ன தப்பு, சொல்லுங்கள். கொஞ்ச நாளில் இடுப்பு பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிற்று. நன்றாகத் தூங்கினார். டாக்டர் என்னைப் பார்த்து, "வெரி குட், மேடம்" என்றார். கீழ் வீட்டு வைதேஹி தன் புருஷனிடம், "வத்சலா மாமியைப் பாத்துக் கத்துக்கோங்கோ" என்றாளாம். புருஷன் என்னத்தைக் கத்துக்கொள்வான் என்று கேட்கக்கூடாது. என்னை மெச்சினார்கள், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தரம் உங்கள் வேகத்தை ஒரு நூல் கூட்டினேன். மெதுவாகப் போனால் அவருக்கு அலுத்துவிடுமே.

மணிதான் சங்கடமாக இருந்தது. வேகம் கூடக் கூட அது அடிக்க ஆரம்பித்தது. அடித்தால் இவர் சட்டென்று மிதிப்பதை நிறுத்திவிடுவார். ஆபீஸ் பழக்கம். மேலதிகாரி மணி அடித்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்கிற உடம்பு அது. நிறுத்தின இடைவெளியில் நீங்கள் வளைவு திரும்பிக் காணாமல் போவீர்கள். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ரசம் உப்பு என்பார், பேப்பர்காரன் லேட் என்பார். அதனால் மணியை நான் நிறுத்திவிட்டேன். அதுவும் ஒரே ஒரு பொத்தான்தான். "பட்டை பழுது போல இருக்கு, ஷங்கர் புதுசு அனுப்பறேன்னிருக்கான்," என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. உண்மையில் அவருக்கும் நிம்மதிதான்.

அப்புறம் மே மாதம் வந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போகிற லட்சணம் உங்களுக்கும் தெரியும். திரை அணைந்தால் இவர் இறங்கிவிடுவார். நான் இன்வெர்ட்டர் போடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் பையன், "மாதாஜி, ஃபேன், லைட்டோடு சேர்த்து ஃபிரிட்ஜுக்குக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டான். கம்ப்யூட்டருக்குக் கொடு என்றேன். வெயிலில் பால் திரிந்தது, நீங்கள் நிற்கவில்லை.

இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. கோபக்காரி என்று நினைக்கிறீர்கள். எனக்குக் கோபமே வராது, சார். லக்ஷ்மிபாய் நகரில் இருந்தபோது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு சொல்லிக்கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் மகள்கூட என்னிடம் படித்தாள். உங்களுக்குப் பதவி வந்த அதே மாதம் எனக்கு வைஸ் பிரின்சிபால் கொடுத்தார்கள். நான் வீட்டில் சொன்னேன். மறுநாள் அவர் ஆபீஸ் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்கி, என் மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவளுக்கு இந்தப் பதவி வேண்டாம், வேலையையும் விட்டுவிடப் போகிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் என்னிடம், "ஆத்துல ஒருத்தருக்கு ப்ரமோஷன் இல்லாதப்போ இன்னொருத்தருக்கு எதுக்கு? நாலு பேர் சிரிப்பா," என்றார். நான் தோசைக்கு ஊறப்போட்டிருந்ததை அரைத்தேன். அதற்குக் கோபப்பட்டிருக்க வேண்டுமென்றால் அன்றைக்கே பட்டிருக்கலாம். இத்தனை வருஷம் யாராவது காத்திருப்பார்களா?

அவர் உங்களை ஒரு நாள் தாண்டினார். அதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவருக்கு அநியாயம். நான் அடுப்படியில் இருந்தேன். "வத்சலா, வா, வா, பாரு" என்று குரல் கேட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து என்னை அப்படி ஒரு குரலில் அவர் கூப்பிட்டதில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு கையையும் விட்டுவிட்டு மிதிக்கிறார். முகமெல்லாம் பல். மஞ்சள் சட்டை பின்னால் எங்கேயோ புள்ளியாகத் தெரிந்தது.

இறங்கினார், துண்டால் துடைத்துக்கொண்டார். என்னிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நாளன்னிக்குலேந்து பார்க்குக்குப் போகப் போறேன். அனந்தகிருஷ்ணனை ஆத்துக்குக் கூப்பிடணும். பாவம், அவன் மேல என்ன தப்பு? பழசையெல்லாம் மறந்துடுவோம்டீ," என்றார்.

மறந்துடுவோம் என்றார், சார். மறந்துடறேன் என்று சொல்லவில்லை. என்னையும் சேர்த்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கும் சேர்த்து முடிவு பண்ணிவிட்டு, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். உள்ளேயிருந்து பாட்டு வேறு. மனுஷர் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அது சகிக்கவில்லை. இதை ஒளிப்பானேன்?

மறுநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், "கம்ப்யூட்டர்ல அவர் மறுபடியும் மேல போயிருக்கார் போலருக்கே," என்றேன்.

"யாரு?"

"அனந்தகிருஷ்ணன்."

பேப்பரை மடித்து வைத்தார். அன்றைக்கு இஸ்திரிச் சட்டை போடவில்லை. பனியனோடு ஏறிவிட்டார். அவர் ஏறுவதற்கு முன்பே உங்கள் வேகத்தை நான் வைத்துவிட்டேன். அது எந்த மனுஷனாலும் பிடிக்க முடியாத வேகம். கணக்கு டீச்சர், எனக்குத் தெரியாதா? டாக்டர் சொன்ன அளவும் எனக்கு மனப்பாடம். மருந்துச்சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது.

ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கிற்று. உதடு வெளுத்தது. பெடலிலிருந்து காலை எடுக்கப் போனார், நான் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்படிடீ இவனுக்கு மட்டும் இவ்வளவு வேகம்?" என்று கேட்டார்.

"டைரக்டர் ஆச்சே," என்றேன்.

காலை எடுக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய் பருப்பை இறக்கினேன். கொத்தமல்லி ஆய்ந்தேன். மிதிக்கிற சத்தம் நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. கொத்தமல்லியை முழுக்க ஆய்ந்து, அலம்பி, நறுக்கின பிறகுதான் ஹாலுக்கு வந்தேன். கைப்பிடி மேல் கவிழ்ந்திருந்தார். திரையில் நீங்கள் மலை மேல் போய்க்கொண்டிருந்தீர்கள். ஒரு தரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். நீங்கள் போலீஸிடம் சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. புருஷன் உடம்பு தேறுவதற்கு சைக்கிள் மிதிக்க வைத்தாள், இன்வெர்ட்டர் போட்டாள், பொம்மைக்கு உங்கள் பேர் வைத்தாள் என்று எழுதிக்கொள்வார்கள். எழுதுகிறவர் சிரிக்காமல் எழுதினால் சரி. அழாதீர்கள், சார். ரிட்டையர்ட் டைரக்டர் இப்படிக் காபி டம்ளருக்குள் அழுதால் நாலு பேர் சிரிப்பார்கள்.

கிளம்பிவிட்டீர்களா? துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமலே போங்கள். பகையெல்லாம் அவரோடு போயிற்று, எனக்கு யார் மேலும் எதுவும் இல்லை. இப்போது காலையில் நான்தான் அதை மிதிக்கிறேன். முட்டிவலி குறைந்திருக்கிறது. உங்கள் பேரை எடுத்துவிட்டு, பொம்மைக்கு அவர் பேரை வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னாலேயே வருவார். அவருக்கு வேகத்தை மட்டும் எப்போதும் குறைத்துத்தான் வைக்கிறேன். பாவம், ஹார்ட் பேஷண்ட் இல்லையா?