இரண்டாவது சரணத்தில் விட்டுப் போனவர்கள்

பாட்டைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. நானும் நிறுத்துகிறவள்தான். அடுப்பில் பால் பொங்கும், இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடும், பக்கத்து வீட்டில் யாராவது கூப்பிடுவார்கள். பாட்டு அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஒரே பாட்டை ஏகப்பட்ட பேர் ஒரே இடத்தில் நிறுத்தினால், அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் பொங்கியிருக்காது. அந்த இடம் எது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

எனக்குக் கோவையாகப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். படிப்பைப் பாதியில் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்கிறீர்கள், அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

தாங்களே பாடி, தாங்களே பதிவு செய்து, செயலியில் ஏற்றிவிட்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பவர்கள் என்னிடம் வருவார்கள். அவர்கள் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இருக்காது. தையல் கடைக்கு மேலே என் அறை. ஒரு மேசை, ஒரு கணினி, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலிகள். அவர்களுடைய கணக்கைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோடு இருக்கும். எத்தனை பேர் கேட்கத் தொடங்கினார்கள், எந்த இடத்தில் குறைந்தார்கள் என்பதை அந்தக் கோடு இறங்கி இறங்கிக் காட்டும். பக்கத்தில் சில அட்டவணைகள். அவற்றுக்கு நான் எனக்குப் புரிகிற மாதிரி பெயர் வைத்திருந்தேன். பாட்டு முடியும் முன் வெளியேறியவர்கள் ‘விட்டுப் போனவர்கள்’. பாடுகிறவர் யார் என்று அவருடைய பக்கத்தைத் தாங்களாகவே திறந்தவர்கள் ‘தேடி வந்தவர்கள்’.

ஒரு புல்லாங்குழல்காரர் வந்தார். அவருடைய பாட்டு மழைச் சத்தத்தோடு தொடங்கும். மழை பெய்துகொண்டே இருக்கும். குழல் வருவதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

“மழையை எடுத்துடுங்க” என்றேன்.

“மழைதாம்மா இந்தப் பாட்டோட உயிரே.”

“அது விடற வரைக்கும் யாரும் குடை புடிச்சிட்டு நிக்கலங்க.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஆனால் மழையை எடுத்தார். பிறகு அவரைத் தெரியாத ஊர்களில்கூட அந்தக் குழல் கேட்டது. தாலாட்டு பாடுகிற ஒரு அம்மாவிடம், நீங்கள் போகாத ஓர் ஊரில் உங்களை விடாமல் கேட்கிறார்கள், அங்கே போய்ப் பாடுங்கள் என்றேன். போனார். அரங்கு நிறைந்திருந்தது. அங்கிருந்தே எனக்குப் போன் செய்து, பேச முடியாமல் அழுதார். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். அது போல ஒரு சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை. அவர்களை உலகத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்.

அப்போதுதான் அந்த அக்காள் தங்கை வந்தார்கள். பெரியவள், சின்னவள் என்றே சொல்கிறேன், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். பெரியவள் துணித் தொழிற்சாலையில் தையல் எந்திரம் ஓட்டினாள். சின்னவள் பார்சல் அனுப்புகிற அலுவலகத்தில் நாள் முழுக்கப் போன் எடுத்து, காணாமல் போன பார்சல்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோடக்கா என்று பெயர் வைத்தவள் அவள்தான். கோடு கோடு என்று நான் சொல்வதால் கோடக்கா.

பல்லவியையும் முதல் சரணத்தையும் பெரியவள் பாடுவாள். கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் போல, கறையில்லாத குரல். இரண்டாவது சரணத்தில் சின்னவள் சேர்ந்துகொள்வாள். அவள் குரல் அக்காவுடையதைவிடக் கீழே இருக்கும். கொஞ்சம் சொரசொரப்பு, பிழிந்து இன்னும் காயாத துணியின் கனம். எல்லாப் பாட்டிலும் அந்த இடத்தில்தான் கோடு விழுந்தது. வேறு எங்கேயும் இல்லை.

நான் வாயால் சொல்லவில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். சின்னவள் குனிந்து பார்த்தாள்.

“இது பள்ளம் இல்ல கோடக்கா, கிணறு. நான் வாயைத் திறந்ததும் மொத்த ஜனமும் எட்டிக் குதிச்சிருக்கு.”

பெரியவள் சிரிக்கவில்லை. “இவ இல்லாம நான் பாட மாட்டேன். உங்க பொட்டியை மூடி வைங்க” என்றாள்.

“பொட்டியை ஏன்க்கா திட்டற? அது என்ன உன்ன மாதிரி என் மேல பாசத்துல பொய்யா சொல்லும்?”

அதைச் சொல்லும்போதும் சின்னவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வரும்போது ஓடி வந்தவள்.

அடுத்த பாட்டில் அவள் குரலை அடியில் தள்ளச் சொன்னேன். ஒலிப்பதிவுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உப்பைக் குறைச்சிட்டு, சப்புன்னு இருக்குன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது” என்றார். குறைத்தார். அப்படியும் கோடு அதே இடத்தில் விழுந்தது. அடியில் கிடக்கிற குரலையும் கண்டுகொண்டு போகிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சின்னவள் அதைத் தன்னிடம் உள்ள குறையாக எடுத்துக்கொண்டாள். குரல் எடுபடவில்லை என்று நினைத்து, இன்னும் அழுத்திப் பாடத் தொடங்கினாள். வேலைக்குப் போகும் முன் பாட்டு, வேலையில் ஓயாத பேச்சு, வந்ததும் மறுபடியும் பாட்டு. தொண்டை கம்மிப்போனது. பெரியவளுக்குத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. நான் அழைத்துப் போகிறேன் என்றேன். எனக்கு அது ஒரு சிரமமில்லை.

மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மரத்துப்போக மருந்து அடித்திருந்ததால் சின்னவள் உள்ளே கண்மூடிப் படுத்திருந்தாள். டாக்டர் அவசரமாக வேறெங்கோ கிளம்பினார். வாசலில் என்னைப் பார்த்து, “நீங்க அக்காவா?” என்றார். ஆமாம் என்றேன். அவள் என்னை அக்கா என்றுதானே கூப்பிடுகிறாள். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், மாத்திரைகளை வாங்கினேன். பேருந்தில் ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன்.

“என்ன சொன்னாரு கோடக்கா?”

“தொண்டை இறுகிப் போயிருக்காம். நல்லாத் திறந்து பாடினா சரியாயிடுமாம். விடாம பாடச் சொன்னாரு.”

“அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்.”

என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நிறுத்தம் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.

அவள் விடாமல் பாடினாள். வலிக்கிறது என்பாள். இறுக்கம் விடும்போது அப்படித்தான் வலிக்கும் என்பேன். வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் என்று தட்டிக் கொடுத்தேன். இவ்வளவு அக்கறையாக யாரும் தன்னைப் பார்த்துக்கொண்டதில்லை என்று பெரியவளிடம் சொன்னாளாம்.

டாக்டர் உண்மையில் சொன்னது இது. “குரல் நாண்ல கட்டி வந்திருக்கு. ஒரு வார்த்தை பேசக் கூடாது, ரகசியம் பேசற மாதிரிகூடப் பேசக் கூடாது. பாட்டுன்ற நினைப்பே வேணாம். இப்பப் பாடினா குரலே போயிடும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வாய மூடிட்டு இருந்தா மொத்தமா சரியாயிடும்.” தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் தெளிவாகத்தான் கேட்டது. மறுபடி வரச் சொன்ன நாளில் நானே போன் செய்து, குணமாகிவிட்டது, வரவில்லை என்றேன். அந்தப் பக்கமிருந்த பெண் சந்தோஷம் என்றாள்.

பதிவு அறையில்தான் அது நடந்தது. சின்னவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இரண்டாவது சரணத்துக்கு மூச்சு இழுத்தாள், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒலிப்பதிவுக்காரர் ஒயர் கழன்றுவிட்டதென்று நினைத்து ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தார். பெரியவள்தான் முதலில் புரிந்துகொண்டு உள்ளே ஓடினாள். அதன் பிறகு சின்னவளிடம் காற்று மட்டும் இருந்தது. காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சொற்கள் கேட்கும். போன் எடுக்கும் வேலையும் போயிற்று.

வெகு நாள் கழித்துப் பெரியவள் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். சின்னவள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதால் பாடினாள். அந்தப் பாட்டு வெளிவந்த பிறகு பழைய பாட்டுகளின் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விட்டுப் போனவர்களும் தேடி வந்தவர்களும் ஒரே ஆட்கள். சின்னவள் குரல் கேட்டதும், யார் இது என்று பாட்டை அப்படியே போட்டுவிட்டு அவர்களுடைய பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். மற்ற பாட்டுகளில் அந்தக் குரல் வரும் இடத்துக்கு நேராகத் தாவியிருக்கிறார்கள். போகிறவர்கள் வேறு, வருகிறவர்கள் வேறு என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

பெரியவளின் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் சரணம் முடிந்ததும் அவள் கொஞ்சம் நிற்கிறாள். பக்கத்தில் ஒருத்தி மூச்சு இழுக்க இடம் விடுகிற அளவுக்கு. அப்படி விடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஒலிப்பதிவுக்காரரும் வெட்டவில்லை. கேட்கிறவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் பின்னால் போய்த் திரும்பக் கேட்கிறார்கள். ‘இங்க யாரோ வரணுமே’ என்று முகம் தெரியாத ஒருவர் கீழே எழுதியிருந்தார்.

எனக்கு இப்போது அந்த இடைவெளி எல்லா இடத்திலும் கேட்கிறது. கீழே தையல் எந்திரம் நிற்கிறபோது, குழாயில் தண்ணீர் நிற்கிறபோது, இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்து சட்டென்று பேச்சு ஓய்கிறபோது. யாரோ மூச்சு இழுக்கிறார்கள். அடுத்து வர வேண்டியது வருவதில்லை. நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். இப்போது நீங்கள் எழுதுவதை நிறுத்தினீர்களே, அப்போதும் கேட்டது. தயவுசெய்து எழுதிக்கொண்டே இருங்கள்.

பெரியவள் அந்த டாக்டரைத் தற்செயலாகச் சந்தித்ததும், தங்கை பாடாமல் வாயை மூடி இருந்தாளா என்று அவர் கேட்டதும் உங்களுக்குத் தெரியும். அவள்தான் உங்களிடம் புகார் கொடுக்க வந்தாள். ஆனால் அதற்கு முன் சின்னவள் என் அறைக்குத் தனியாக வந்தது உங்களுக்குத் தெரியாது. கதவருகே நின்றாள். டாக்டரைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என் காதருகே வந்தாள். காற்று காதில் பட்டது.

“அவ்வளவு மோசமாவா இருந்துச்சு கோடக்கா, என் குரல்?”

அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நான் திரையைத் திருப்பி இரண்டு அட்டவணைகளையும் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. குனிந்து முகத்தை மூடிக்கொண்டேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு அட்டவணைகளையும் பாட்டு வெளிவந்த பிறகு பார்த்ததாகச் சற்று முன் சொன்னேன். அது சரியல்ல. மருத்துவமனைக்குப் போன அன்று காலையிலேயே பார்த்துவிட்டேன். பேருந்தில் அவள் கேட்டபோது எல்லாம் எனக்குத் தெரியும். அவள் குரலை நான் அடியில் தள்ளச் சொன்ன பிறகும், யாரும் கைகாட்டாமல், அவர்களாகவே அவளைக் கண்டுபிடித்து வந்துகொண்டிருந்தார்கள், நாளுக்கு நாள் அதிகமாக. இன்னும் கொஞ்சம் போனால் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருக்கும். அதில் என் பங்கு, அவளைக் கிணறு என்று காட்டியது மட்டுமாக இருந்திருக்கும்.

இன்று காலை பெரியவளின் பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. அந்த அளவில் நான் சொன்னது சரிதான்.